கல்லீரலில் கறுப்பு வட்டம்: எல்லாமே சிம்பிள் சிஸ்ட்தானா?

ரேடியோமாணவி

எங்கள் துறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. வயிற்று ஸ்கேனில் கல்லீரலுக்குள் கறுப்பாக, வட்டமாக எது தெரிந்தாலும் ரிப்போர்ட்டில் "சிம்பிள் சிஸ்ட்" (ஆபத்தில்லாத வெறும் நீர்க்கட்டி) என்று ஒரு வரி விழுந்துவிடும். இன்னொரு சாரார் நேர் எதிர். 1 செ.மீ. நீர்க்கட்டிக்குக்கூட "சிடி செய்து உறுதிப்படுத்தவும்" என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

சமீபத்தில் பார்த்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் அறுபதை நெருங்கும் பெண். வலது மடலில் 4 செ.மீ. கட்டி, உள்ளே சுத்தமான கறுப்பு. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தென்பட்டது. இன்னொருவர் முப்பதுகளில் இருக்கும் ஆண். அவருக்கும் வலது மடலில்தான், 6 செ.மீ. முதல் பார்வையில் இதுவும் அதே மாதிரி கறுப்புதான். ஆனால் சுவர் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது, கெயினை (எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை) கூட்டினால் அடியில் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. ஹைடாடிட் (நாடாப்புழு உண்டாக்கும் நீர்க்கட்டி) சந்தேகத்தில் ரத்தத்தில் எலிசா (எதிர்ப்புப் புரதப் பரிசோதனை) பார்த்தோம், நெகடிவ். "அப்ப சிம்பிள் சிஸ்ட்தான், எழுதிடு" என்றார்கள். கை வரவில்லை.

அல்ட்ராசவுண்டை வைத்தே எவ்வளவு தூரம் பிரித்துச் சொல்லலாம்? எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்?

---

திரைக்குப்பின்

முதல் நோயாளிக்குச் சிடி வேண்டவே வேண்டாம். இரண்டாமவருக்கு நீங்கள் கை நிறுத்தியது சரி.

"சிம்பிள்" என்று எழுத நான் கேட்பவை கொஞ்சம்தான், ஆனால் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும். உள்ளே எதிரொலி துளிகூட இருக்கக் கூடாது. சுவர் என்று தனியாக ஒன்று கண்ணில் படக் கூடாது, கல்லீரல் முடிந்த இடத்தில் கறுப்பு தொடங்கிவிட வேண்டும். கட்டிக்குப் பின்னால் உள்ள கல்லீரல், அதே ஆழத்தில் பக்கத்தில் இருப்பதைவிட வெளுத்துத் தெரிய வேண்டும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் உள்ளே நிறம் வரக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் "சிம்பிள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுதுவேன்.

நான்கும் இருந்தால் வேலை முடிந்தது. அளவு ஒரு பொருட்டே இல்லை. தொந்தரவு தராத சிம்பிள் சிஸ்ட்டுக்குத் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை என்றுதான் ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி ஒரு மனிதரைப் பயத்திலேயே வைத்திருப்பதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஆனால் சிம்பிள் என்ற முடிவுக்கு வர, பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே கோணத்தில் ஒரு படத்தை உறைய வைத்து, இரண்டு அளவு எடுத்து, நகர்ந்துவிட்டால் அது பார்த்ததாகாது.

---

டெசிபல்

> பின்னால் உள்ள கல்லீரல் வெளுத்துத் தெரிய வேண்டும்

இதில் ஒரு பொறி இருக்கிறது. மருத்துவ இயற்பியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

திசு ஒலியை உறிஞ்சுகிறது. தோராயமாக ஒரு செ.மீ.க்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அரை டெசிபல். நீர் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. ஆழம் கூடக் கூட ஒலி தேய்வதைக் கணக்கில் வைத்து இயந்திரம் கெயினைத் தானே கூட்டிக்கொண்டே போகிறது. நடுவில் நீர் இருந்தால் அங்கே தேய்மானம் இல்லை, ஆனாலும் கெயின் கூடிவிடுகிறது. பின்னால் வெளுப்பு வருவது இதனால்தான்.

உங்கள் 4 செ.மீ. கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 மெகாஹெர்ட்ஸில் போக 4, வர 4, ஆக 8 செ.மீ. தேய்மானம் மிச்சம். 8 × 3.5 × 0.5 = 14 டெசிபல். செறிவில் ஏறக்குறைய 25 மடங்கு. அது கண்ணில் அடித்தாற்போல் தெரியும். அதுவே 5 மி.மீ. கட்டி என்றால் 2 டெசிபல்கூட வராது. ஆகவே சின்னக் கட்டிக்குப் பின்னால் வெளுப்பு இல்லை என்பதற்காக "நீர் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அதே போல, ஒலிக்கற்றைக்குத் தடிமன் உண்டு. கட்டி அந்தத் தடிமனைவிடச் சின்னதாக இருந்தால் பக்கத்துக் கல்லீரலின் எதிரொலியும் உள்ளே கலந்து, சுத்தமான நீர்கூடக் கலங்கலாகத் தெரியும். புரோபுக்கு (உடலில் வைக்கும் ஸ்கேன் கருவிக்கு) அருகில் உள்ள சுவரை ஒட்டி உள்ளே தெரியும் சாம்பல் படலம் பெரும்பாலும் மறு எதிரொலிப்பு. கோணத்தை மாற்றுங்கள், போலி எதிரொலியைக் குறைக்கும் ஹார்மோனிக்கைப் போடுங்கள், ஃபோகஸைக் கட்டியின் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். நிஜமாக உள்ளே இருப்பது அசையாமல் நிற்கும், போலி மறையும் அல்லது இடம் மாறும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இப்போதைய இயந்திரங்களில் ஸ்பேஷியல் காம்பவுண்டிங் எப்போதும் ஆன் ஆகவே இருக்கும். பல கோணங்களிலிருந்து எடுத்த படங்களைச் சேர்த்துத் தருவதால் படம் அழகாக இருக்கும், ஆனால் பின்வெளுப்பும் வால் நட்சத்திரக் கீற்றும் மங்கிப்போகும். கட்டி என்ன ரகம் என்ற கேள்வி வரும்போது ஒரு நிமிடம் அதை ஆஃப் செய்து பாருங்கள்.

---

சோனோ_பத்மா

டெசிபல் சார் சொன்ன கடைசி விஷயத்துக்கு ஒரு கும்பிடு. அந்தப் பொத்தானைத் தொடாமலே காலம் தள்ளுபவர்கள் நிறைய.

மாணவி, உங்கள் இரண்டாவது நோயாளியைத் திரும்பக் கூப்பிட முடியுமா? இப்படிச் செய்து பாருங்கள். அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டியைத் திரையில் பிடித்துக்கொண்டு, புரோபை எடுக்காமலே இடது பக்கமாகத் திரும்பச் சொல்லுங்கள். திரும்பிய முதல் சில விநாடிகள்தான் முக்கியம். அடியில் படிந்த பொடி கிளம்பிப் பறந்து மறுபடி கீழே இறங்கினால் அது ஹைடாடிட் மணல், அதாவது கட்டிக்குள் படியும் புழுத் துகள்கள். அவர் திரும்பி, தலையணை சரி செய்து, நீங்கள் மறுபடி ஜெல் போட்டுத் தேடுவதற்குள் எல்லாம் படிந்துவிடும், ஒன்றும் தெரியாது. கெயினை வழக்கத்தைவிட ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுவர். கட்டி மேலாக இருந்தால் வளைந்த புரோபை வைத்துவிட்டு லீனியரை (நேரான முகமுள்ள புரோபை) எடுங்கள். ஒரே கோடாகத் தெரிந்த சுவர் அதில் இரண்டாகப் பிரிகிறதா என்று பாருங்கள். ஒலி செங்குத்தாக விழும் இடத்தில்தான் அது தெரியும், பக்கவாட்டில் தேடாதீர்கள்.

டாப்ளரில் ஸ்கேலை (வேக வரம்பை) குறையுங்கள். வேகமான ரத்த ஓட்டத்துக்கு வைத்த ஸ்கேலிலேயே வைத்துவிட்டு "ஓட்டம் இல்லை" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. கறுப்பாகத் தெரிவதெல்லாம் நீரும் இல்லை. போர்ட்டல் சிரை வீங்கியிருந்தாலும், அடிபட்ட பிறகோ பயாப்ஸிக்குப் பிறகோ தமனியில் போலி வீக்கம் வந்திருந்தாலும் இதே கறுப்பு வட்டம்தான். அதில் யாராவது ஊசி விட்டால் கதை கந்தல்.

---

பொதுமருத்துவம்

ஊசி என்றதும் கேட்கிறேன். இவ்வளவு யோசிப்பதற்குப் பதில் கொஞ்சம் நீரை உறிஞ்சிப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா?

---

கத்திக்காரன்

தெரியும். ஹைடாடிட்டாக இருந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் நோயாளி கீழே போகும்போதும் தெரியும். உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் கசிந்தால் அதிலுள்ள புழுத் தலைகள் ஒவ்வொன்றும் புதிய கட்டியாக முளைக்கலாம். என்னவென்று தெரியாத கட்டியில், "பார்க்கலாமே" என்று ஊசி விடாதீர்கள். கட்டி நியோபிளாசமாக (திசுவின் புதுவளர்ச்சியாக) இருந்தால் அதற்கும் ஊசியால் லாபமில்லை. உறிஞ்சிய நீரில் செல்கள் கிடைக்காமல் போவதுதான் வழக்கம்.

---

ரேடியோமாணவி

பத்மா மேடம் சொன்னபடியே செய்தேன். அவர் திரும்பியதும் கட்டியின் அடியிலிருந்து பொடி மேலே கிளம்பி, பனி பெய்வது போல மெதுவாக இறங்கியது. வீடியோ கிளிப்பாகச் சேமித்துவிட்டேன், நின்ற படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. லீனியர் புரோபில் முன்சுவரில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் மெல்லிய கறுப்பு. உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. டாப்ளர் அமைதி.

ஆனால் எலிசா நெகடிவ் என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

---

திரைக்குப்பின்

நீங்கள் பார்த்தது சிஇ1, அதாவது ஹைடாடிட்டின் முதல் நிலை. இதற்கு மேல் அல்ட்ராசவுண்டிடம் கேட்க ஒன்றுமில்லை.

எலிசா பற்றி: இந்த நிலையில் நெகடிவ் வருவது புதிதல்ல. சிஇ1-இல் புழுவின் லாமினேட் படலம் கிழியாமல் முழுசாக இருக்கிறது. உள்ளிருக்கும் ஆன்டிஜன் வெளியே கசிந்தால்தானே உடல் எதிர்ப்புப் புரதம் உண்டாக்கும்? செயலற்றுப்போன சிஇ4, சிஇ5 நிலைகளிலும் இதே சிக்கல். ஆகவே ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் படத்துக்குத் துணை, நெகடிவ் என்றால் படத்தைப் பொய்யாக்காது. ஹைடாடிட்டை உண்டாக்கும் எக்கினோகாக்கஸ் புழு விஷயத்தில் முதல் சாட்சி படம்தான்.

நிலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். அல்ட்ராசவுண்டை வைத்து ஹைடாடிட்டை வகை பிரித்தவர் கர்பி, 1981-இல். அதை மாற்றியமைத்து உலகச் சுகாதார அமைப்பின் நிபுணர் குழு இப்போதைய வகைப்பாட்டைக் கொண்டுவந்தது, அது 2003-இல் அச்சானது. அதன் சிறப்பு, வெறும் தோற்றத்தை மட்டும் பார்க்காமல் புழு உயிரோடு இருக்கிறதா, சாகிறதா, செத்துவிட்டதா என்ற வரிசையில் அடுக்கியது.

சிஇ1 உங்கள் நோயாளி: ஒரே அறை, இரட்டைக் கோட்டுச் சுவர், மணல். வெளிக்கோடு நோயாளியின் உடல் கட்டிய சுவர், உள்கோடு புழுவின் லாமினேட் படலம். சிஇ2-இல் உள்ளே மகள் கட்டிகள் (தாய்க் கட்டிக்குள் முளைத்த சிறு கட்டிகள்) நிறைந்து, தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தெரியும். இரண்டும் உயிர்ப்புள்ளவை. சிஇ3ஏ-யில் உள் அழுத்தம் குறைந்து அந்த உள்படலம் சுவரிலிருந்து கழன்றுவிடும், நீரில் மிதந்து நெளியும். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். சிஇ3பி-யில் பெரும்பகுதி திடமாகி, அதற்குள் அங்கங்கே மகள் கட்டிகள் கறுப்பாக இருக்கும். சிஇ3 இரண்டும் இடைநிலை என்று பெயர், ஆனால் 3பி நடைமுறையில் உயிர்ப்புள்ளது போலத்தான் நடந்துகொள்கிறது, மருந்துக்கு எளிதில் மசியாது. சிஇ4-இல் மகள் கட்டிகள் இல்லை, சுருண்ட படலங்கள் நூல் உருண்டையாகக் கிடக்கும். சிஇ5 சுண்ணாம்பேறிய தடித்த சுவர், பின்னால் கூம்பு நிழல்.

இதெல்லாம் போக சிஎல் என்று ஒரு பெட்டி உண்டு. இரட்டைக் கோடும் தெரியவில்லை, மணலும் இல்லை, ஆனால் சிம்பிள் சிஸ்ட் என்று உறுதியாகவும் சொல்ல முடியவில்லை என்றால் அங்கே போடுவது. மணலைப் பார்க்காமல் விட்டிருந்தால் உங்கள் நோயாளி அந்தப் பெட்டியில்தான் இருந்திருப்பார்.

---

கத்திக்காரன்

> இதற்கு மேல் அல்ட்ராசவுண்டிடம் கேட்க ஒன்றுமில்லை

இங்கே நான் ஒத்துப்போகவில்லை. அறுவை சிகிச்சை அறைக்குள் போகிறவன் நான். கட்டி எந்தப் பித்தநாளத்தை ஒட்டியிருக்கிறது, கல்லீரல் சிரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, உதரவிதானத்தைத் தொடுகிறதா, வேறு எங்காவது இன்னொன்று இருக்கிறதா என்பதெல்லாம் வேண்டும். சிடி இல்லாமல் நான் கத்தி எடுப்பதில்லை. ஹைடாடிட் கல்லீரலுக்கு அடுத்தபடியாக நுரையீரலில்தான் உட்காருகிறது, அதை அல்ட்ராசவுண்ட் எப்படிக் காட்டும்? குண்டான நோயாளியில், உதரவிதானக் குவிமாடத்தின் அடியில் இருக்கும் கட்டியை எத்தனை பேர் முழுசாகப் பார்க்கிறீர்கள்?

---

திரைக்குப்பின்

அந்தக் கடைசிக் கேள்வி நியாயம். உதரவிதானத்துக்கு அடியில் இருப்பது தப்பும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி விலாவுக்கு இடையில் போனாலும் சில நேரம் தப்பும்.

ஆனால் நீங்கள் கேட்பது இடம். மாணவி கேட்டது ரகம். ரகத்தைச் சொல்லச் சிடியை நம்பினால் ஏமாறுவீர்கள். மெல்லிய தடுப்பு, கழன்ற படலம், மணல் எல்லாம் சிடியில் ஒரே சாம்பல் நீராகக் கரைந்துவிடும். அல்ட்ராசவுண்டில் சிஇ3ஏ என்று பளிச்சென்று தெரிந்தது சிடி ரிப்போர்ட்டில் வெறும் "சிஸ்டிக் லீஷன்" ஆக வருவதைப் பார்த்தபடிதான் இருக்கிறேன். சுண்ணாம்பைப் பார்க்கச் சிடி நல்லது, உள்ளே இருப்பதைப் பார்க்க எம்ஆர்ஐ அதைவிட நல்லது. டி2 படத்தில் படலம் நன்றாக விழும், பித்தநாளத் தொடர்பும் ஓரளவு தெரியும்.

சிகிச்சையே நிலையைப் பொறுத்துத்தான் மாறுகிறது என்பதால் இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. சிஇ1, சிஇ3ஏ 5 செ.மீ.க்குள் என்றால் அல்பென்டசோல் என்ற புழு மருந்து மட்டும். 5 முதல் 10 வரை என்றால் பேர் எனப்படும் துளைப்பு முறையும் (ஊசியால் நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் திரவம் செலுத்தி, மறுபடி உறிஞ்சுவது) அல்பென்டசோலும். சிஇ2, சிஇ3பி என்றால் உங்கள் கத்தி. சிஇ4, சிஇ5 சிக்கல் இல்லாதவரை கையைக் கட்டிக்கொண்டு கண்காணிப்பது. அப்படியிருக்க, இந்த 6 செ.மீ. கட்டியைத் திறக்க என்ன அவசரம்?

---

கத்திக்காரன்

அவசரம் இல்லை. பேருக்கு நான் எதிரியும் இல்லை, சரியாகச் செய்தால். ஊசி கல்லீரல் திசு வழியாகப் போக வேண்டும், நேராகக் கட்டிக்குள் குத்தினால் கசிவு வயிற்றுக்குள். அல்பென்டசோல் முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும், ஒவ்வாமையைச் சமாளிக்க மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். முதலில் எடுத்த நீரில் பித்தம் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும். இருந்தால் அத்தோடு நிறுத்து. அதற்குள் ஆல்கஹாலையோ செறிவான உப்புநீரையோ செலுத்தினால் பித்தநாளங்கள் எரிந்து சுருங்கிப்போகும், அதற்கு வைத்தியம் இல்லை. இதையெல்லாம் சேர்த்துச் செய்யும் இடம் இல்லையென்றால் பேர் பேச வேண்டாம்.

மாணவிக்கு ஒன்று: நுரையீரலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தீர்களா?

---

ரேடியோமாணவி

எடுத்தோம் சார், நுரையீரல் சுத்தம். எம்ஆர்ஐக்குச் சொல்லியிருக்கிறார்கள். பித்தநாளம் விரியவில்லை.

---

மகன்_வாசகன்

நான் மருத்துவத் துறை இல்லை, மன்னிக்கவும். தேடும்போது இந்த இழை கிடைத்தது. என் அம்மாவுக்கு ஸ்கேனில் "கல்லீரலில் பல சிறு நீர்க்கட்டிகள்" என்று வந்திருக்கிறது. பெரியது 3 செ.மீ. வயிறு கொஞ்சம் உப்பிய மாதிரி இருக்கிறது என்கிறார். எல்லாவற்றையும் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட முடியுமா? மேலே படித்த பிறகு பயமாக இருக்கிறது.

---

பொதுமருத்துவம்

பயப்பட வேண்டாம். மேலே பேசிக்கொண்டிருப்பது வேறு ரகம்.

உறிஞ்சினால் மறுபடி நிறைந்துவிடும். கட்டியின் உள்சுவர்தான் நீரைச் சுரக்கிறது, அது அப்படியே இருக்கும் வரை நீர் ஊறும். ஆகவே வெறுமனே உறிஞ்சுவதை யாரும் சிகிச்சையாகச் செய்வதில்லை. பெரிய கட்டி ஒன்று வயிற்றை அழுத்தித் தொந்தரவு தந்தால், உறிஞ்சிய பிறகு உள்சுவரைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைச் செலுத்துவார்கள், அல்லது லேப்பராஸ்கோப்பியில் மேல்கூரையைத் திறந்துவிடுவார்கள். 3 செ.மீ.க்கு இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது.

உங்கள் அம்மாவின் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மொத்தம் எத்தனை கட்டிகள்? பத்துக்கு மேல் என்றால் பாலிசிஸ்டிக் கல்லீரல் நோய் என்ற தலைப்பில் போகும். சிறுநீரகத்திலும் கட்டி இருக்கிறதா? இருந்தால் அது பரம்பரையாக வரும் சிறுநீரக நோயின் பகுதியாக இருக்கலாம், ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும், குடும்பத்தில் மற்றவர்களையும் பற்றிக் கேட்பார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், அது இந்தக் கட்டிகளை வளர்க்கும். கட்டிகள் நிறைய இருந்தாலும் கல்லீரலின் வேலை பெரும்பாலும் கெடுவதில்லை.

---

சோனோ_பத்மா

"பல சிறு" என்று வரும்போது இன்னொன்றும் உண்டு. ஃபான் மெயன்பர்க் புள்ளிகள். பித்தநாளச் சிறுகட்டிகள், 1.5 செ.மீ.க்குள்தான் இருக்கும், கல்லீரல் முழுக்கத் தூவினாற்போல. கறுப்பாகவும் வரும், வெள்ளைப் புள்ளியாகவும் வரும், சிலவற்றின் பின்னால் வால் நட்சத்திரம் போல ஒரு கீற்று இழுக்கும். அந்தக் கீற்றைப் பார்த்துவிட்டால் பாதி நிம்மதி. பார்க்காவிட்டால், புற்றுநோய் பரிசோதனைக்கு வந்த நோயாளியில் இதை மெட்டாஸ்டாசிஸ் (பரவி வந்த புற்று) என்று எழுதி வீட்டையே கலக்கிவிடலாம். டெசிபல் சார் சொன்ன காம்பவுண்டிங்கை ஆஃப் செய்ய இதைவிட நல்ல இடம் கிடையாது. சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ.

கட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பித்தநாளத்தோடு போய்க் கலந்தால் அது கரோலி, பித்தநாளங்கள் பிறவியிலேயே விரிந்திருக்கும் நோய். விரிந்த நாளத்துக்கு நடுவில் ஒரு புள்ளி தெரியும், டாப்ளர் போட்டால் அதில் ஓட்டம் வரும், அது போர்ட்டல் சிரையின் கிளை. கல்லும் கிடக்கலாம்.

மகன்_வாசகன், இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு எது என்று நீங்களே தேட ஆரம்பிக்காதீர்கள். ரிப்போர்ட்டோடு படத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

---

மகன்_வாசகன்

மிக்க நன்றி. சிறுநீரகத்தைப் பற்றி ரிப்போர்ட்டில் "இயல்பு" என்று இருக்கிறது. எண்ணிக்கையைக் கேட்கிறேன்.

---

கத்திக்காரன்

ஹைடாடிட்டை விடுங்கள், அதில் நீங்கள் எல்லோரும் உஷார்தான். என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைப்பது வேறு ஒன்று. "செப்டேட்டட் சிஸ்ட்" (உள்ளே தடுப்புள்ள கட்டி) என்று ஒரு வரி. யாரோ அதை நம்பி லேப்பராஸ்கோப்பியில் மேல்கூரையைத் திறந்துவிட்டு வருவார்கள். பிறகு பயாப்ஸியில் மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம் (சளி சுரக்கும், புற்றாக மாறக்கூடிய கட்டி) என்று வரும். முழுசாக வெட்டி எடுக்க வேண்டியதைப் பாதி திறந்து வைத்துவிட்டால், அது திரும்ப வரும், உள்ளே புற்று ஒளிந்திருந்தால் இன்னும் மோசம். முன்பு சிஸ்ட்அடினோமா என்று எழுதிக்கொண்டிருந்தது இதுதான்.

எந்தத் தடுப்பு ஆபத்தானது, எது இல்லை என்று உங்கள் ஆட்கள் ஏன் எழுதுவதில்லை?

---

திரைக்குப்பின்

நல்ல கேள்வி, பதிலில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது.

மியூசினஸ் நியோபிளாசம் அபூர்வம். கிட்டத்தட்ட எப்போதும் பெண்களில்தான், பெரும்பாலும் நடுவயதில். இடது மடலில், குறிப்பாக 4-ஆம் பகுதியில் அதிகம். ஒற்றைக் கட்டியாக இருக்கும், சுவர் தெரியும், தடுப்புகள் இருக்கும். கட்டிக்கு மேல்பக்கத்துப் பித்தநாளம் விரிந்திருந்தால் சந்தேகம் ஏறும். தடித்த தடுப்பும் சுவரில் முடிச்சும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதே நோயாளியில் வேறு சில சாதாரண நீர்க்கட்டிகளும் இருந்தால் கொஞ்சம் இறங்கும்.

தடுப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த குறி. கட்டியின் வெளிவிளிம்பு உள்வாங்கியிருக்கும் இடத்திலிருந்து தடுப்பு கிளம்பினால், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சாதாரண கட்டிகள் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். வெளிவிளிம்பு வழவழவென்று இருக்க, உள்சுவரிலிருந்து தடுப்பு நேராகக் கிளம்பினால் நியோபிளாசம் பக்கம் சாய்கிறது. இதை ஒரே கோணத்தில் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, புரோபைச் சுழற்றித் தடுப்பு சுவரில் சேரும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதில் குழப்புவது சிம்பிள் சிஸ்ட்டுக்குள் ரத்தம் கசிவது. திடீரென்று வலி, ஸ்கேனில் உள்ளே நூல் நூலாகத் தடுப்பு, சுவரில் உறைந்த ரத்தக்கட்டி முடிச்சு மாதிரி. பார்த்தவுடன் எல்லோரும் புற்று என்று பயப்படுவார்கள். நோயாளியைத் திருப்புங்கள். நூல் ஆடினால், முடிச்சு நகர்ந்தால், அது ரத்தம். நியோபிளாசத்தின் தடுப்பு ஆடாது. டாப்ளரில் ஓட்டம் தெரிந்தால் நியோபிளாசம், ஆனால் தெரியாததால் ரத்தம் என்றாகாது, தடுப்பில் ஓடும் ரத்தம் டாப்ளருக்கு எட்டாத அளவு மெல்லியது.

கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டுக்கு நியாயம் கிடைப்பது இங்கேதான். சோனோவியூ போன்ற நுண்குமிழிகள் ரத்தக்குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆகவே தடுப்பிலோ முடிச்சிலோ குமிழி ஏறினால் அங்கே உயிருள்ள திசு இருக்கிறது. ஏறவில்லை என்றால் உறைந்த ரத்தம். சிறுநீரகம் பழுதானவருக்கும் கொடுக்கலாம் என்பது கூடுதல் வசதி. இதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் எம்ஆர்ஐ. டி1 படத்தில் ரத்தம் வெளுத்து விழும்.

---

பொதுமருத்துவம்

அப்படியென்றால் சிஏ 19-9 என்ற புற்றுக் குறி ரத்தப் பரிசோதனையை எதற்குக் கேட்கிறோம்?

---

திரைக்குப்பின்

கேட்கக் கூடாது. சாதாரண நீர்க்கட்டியின் உள்சுவரும் அதைச் சுரக்கிறது. ரத்தம் கசிந்த கட்டியில் அது எகிறியதைப் பார்த்துவிட்டு நோயாளி தூக்கம் இழப்பதுதான் மிச்சம்.

---

பொதுமருத்துவம்

சரி, எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் சீட்டில் நாங்கள் எழுதுவது பெரும்பாலும் "வயிற்று வலி" என்ற இரண்டு சொல். காய்ச்சல், குளிர், வெள்ளணுக்கள் கூடியது, சமீபத்தில் வயிற்றுப்போக்கு என்று ஏதாவது இருந்தால் எழுத வேண்டும். சீழ்க்கட்டி ஆரம்பத்தில் திடமாகத் தெரியும், பிறகு நீர்த்துக் கறுக்கும். சுவர் ஒழுங்கற்றிருக்கும், உள்ளே கலங்கல், சில நேரம் காற்றுக் குமிழி. அமீபாவால் வந்ததானால் சுவரே சரியாகத் தெரியாது, வலது மடலில் கல்லீரல் உறையை ஒட்டி, உள்ளே சீரான மெல்லிய எதிரொலியோடு இருக்கும். காய்ச்சல் என்ற ஒரு சொல் சீட்டில் இருந்தால் ரேடியாலஜிஸ்ட் இதை எடுத்த எடுப்பில் பிடித்துவிடுவார். இல்லாவிட்டால் "காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்" என்று வரும், எங்களுக்கு ஒரு நாள் வீணாகும்.

பழைய புற்றுநோய் வரலாறும் அப்படித்தான். சூலகம், நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களின் கட்டி), ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வரும் கட்டி) இவற்றின் மெட்டாஸ்டாசிஸ் நீர்க்கட்டி வேடத்தில் வரும்.

---

டெசிபல்

லிம்போமாவையும் (நிணநீர்ப் புற்றையும்) சேர்த்துக்கொள்ளுங்கள். செல்கள் ஒரே சீராக அடுக்கியிருப்பதால் எதிரொலி மிகக் குறைவு, கெயின் குறைவாக இருந்தால் நீர் மாதிரியே கறுப்பாக விழும், பின்வெளுப்புகூட லேசாக வரலாம். கெயினைக் கூட்டினால் மெல்ல நிறையும். பக்கத்தில் பித்தப்பை இருக்கிறதே, அதுதான் கையோடு இருக்கும் அளவுகோல். பித்தப்பையும் கட்டியும் ஒரே அமைப்பில் ஒரே கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

---

ரேடியோமாணவி

பித்தப்பையோடு ஒப்பிடுவது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி சார்.

ரிப்போர்ட்டை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "கல்லீரலின் வலது மடல், 7-ஆம் பகுதியில், 6 செ.மீ. அளவில், ஒரே அறை கொண்ட நீர்க்கட்டி. முன்சுவரில் இரட்டைக் கோடு. நோயாளியைத் திருப்பும்போது உள்ளே நகரும் நுண்துகள்கள். தடுப்போ மகள் கட்டியோ இல்லை. டாப்ளரில் ஓட்டம் இல்லை. பித்தநாளம் விரியவில்லை. கருத்து: சிஸ்டிக் எக்கினோகாக்கோசிஸ், சிஇ1. எலிசா நெகடிவ் என்பது இந்த நிலையை விலக்காது. ஊசி மூலம் மாதிரி எடுக்க வேண்டாம்."

---

திரைக்குப்பின்

நன்றாக இருக்கிறது. "ஊசி வேண்டாம்" என்பதை இப்படி மாற்றுங்கள்: "சிகிச்சைத் திட்டம் இன்றி ஊசி செலுத்த வேண்டாம்." இல்லையென்றால் நாளைக்குப் பேர் செய்ய வருபவர் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக்காட்டிச் சண்டைக்கு வருவார்.

---

கத்திக்காரன்

கல்லீரல் உறையிலிருந்து எவ்வளவு ஆழம், ஊசி போகும் பாதையில் எவ்வளவு திசு இருக்கிறது என்று மி.மீ.யில் எழுதுங்கள். வலது கல்லீரல் சிரையிலிருந்து இடைவெளியும். அதை எழுதினால் எம்ஆர்ஐ வரும் வரை வாயை மூடிக்கொள்கிறேன்.

---

சோனோ_பத்மா

அளவு ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள் போல. மூன்று திசையிலும் எடுத்துக் கன அளவைப் போடுங்கள், அல்பென்டசோல் தொடங்கிய பிறகு ஒப்பிட வேறு எதுவும் கிடைக்காது. படுத்த நிலையையும் எழுதிவிடுங்கள். திரும்பிப் படுத்தால் அளவு மாறும், அடுத்த முறை வேறொருவர் வேறு நிலையில் அளந்துவிட்டு "கட்டி சுருங்கிவிட்டது" என்று சந்தோஷப்படுவார். அந்த மணல் கிளிப்பையும் ரிப்போர்ட்டோடு சேர்த்து அனுப்புங்கள், எலிசாவைப் பிடித்துத் தொங்குபவர்களுக்குக் காட்ட.